வளைவில் சைக்கிள்: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் எம்டிபி ஓட்டுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில் கரட்டடிப் பாதைகளில் ஞாயிற்றுக்கிழமை காலையில் எம்டிபி, அதாவது மலைச் சைக்கிள், ஓட்டுகிற சின்னக் கூட்டம் எங்களுடையது. புதிதாக வருகிறவர்களுக்கு வளைவு எடுக்கச் சொல்லித்தருவது பல வருஷமாக என் வேலை. ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். வளைவில் தவறினால் முழங்கைத் தோல் போய்விடும். அதனாலோ என்னவோ, வருகிற கேள்விகளில் முக்கால்வாசி வளைவைப் பற்றித்தான். திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றை, நேரில் சொல்கிற மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன்.

படிக்கும் முன் நம் மண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடியில் இறுகிய செம்மண் அல்லது பாறை, அதன் மேல் உருளுகிற சரளை. காய்ந்த தரையில் கொள்ளு கொட்டிவைத்த மாதிரி. வெளிநாட்டு வீடியோக்களில் டயர் பதிகிற ஈரமான காட்டு மண்ணைப் பார்த்துவிட்டு அதே வேகத்தில் இங்கே திரும்பினால் விழுவோம். கீழே சொல்பவை எல்லாம் இந்தச் சரளைக்காகச் சொல்பவை.

நேர்ப்பாதையில் நன்றாகப் போகிறேன். வளைவு வந்தால் மட்டும் உடம்பு விறைத்துக்கொள்கிறது. ஏன்?

வளைவுக்குள் போன பிறகு வேகத்தைக் குறைக்கப் பார்க்கிறீர்கள், அதுதான் பெரும்பாலும் காரணம். வேகம் அதிகம் என்று மனசு சொல்கிறது, கை பிரேக்கைப் பிடிக்கிறது, பிரேக் பிடித்ததும் சைக்கிள் நிமிர்ந்து நேராகப் போகப் பார்க்கிறது, அது பயத்தை இன்னும் கூட்டுகிறது. தோள் இறுகினால் கை இறுகும், கை இறுகினால் ஹேண்டில் தானாக அசையவேண்டிய அளவுக்கு அசையாது.

வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட்டால் இந்தச் சங்கிலி ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் நான் சொல்லித்தருவது இது ஒன்றைத்தான்.

பிரேக்கை எங்கே பிடிப்பது, எங்கே விடுவது?

டயருக்கும் தரைக்கும் இடையிலுள்ள பிடிப்பை ஒரு பானைத் தண்ணீராக நினைத்துக்கொள்ளுங்கள். பிரேக் பிடிக்க அதிலிருந்துதான் மொண்டாக வேண்டும், திரும்பவும் அதிலிருந்துதான். ஒரே நேரத்தில் இரண்டுக்கும் மொண்டால் பானை சீக்கிரம் காலி. தார் ரோட்டில் பெரிய பானை, சரளையில் சின்னச் செம்பு. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே சைக்கிள் நிமிர்ந்து நேராகப் போகும்போதே இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள். ஒரே பிடியாகப் பிடிக்காமல், எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி மெதுவாக இறுக்குங்கள். சைக்கிளைச் சாய்க்க ஆரம்பிக்கும்போது விரல் தளர்ந்திருக்க வேண்டும். லீவரிலிருந்து விரலை எடுத்துவிட வேண்டியதில்லை, மேலே சும்மா கிடக்கட்டும். ஆள்காட்டி விரல் ஒன்று போதும். மற்ற மூன்றும் ஹேண்டிலைப் பிடித்திருக்கட்டும்.

உங்கள் சைக்கிளில் முன் பிரேக் எந்தக் கையில் இருக்கிறது என்று இப்போதே போய்ப் பாருங்கள். நம் ஊரில் விற்பவற்றில் பலவற்றுக்கு வலது கை முன் பிரேக், சிலவற்றுக்கு இடது. நண்பனின் சைக்கிளை வாங்கி ஓட்டும்போது இதைக் கவனிக்காமல் தலைகுப்புற விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வளைவுக்குச் சரியான வேகம் எவ்வளவு?

எண் சொல்ல முடியாது, ஆனால் கணக்கு சொல்ல முடியும். வளைவில் டயர் தாங்கவேண்டிய பக்கவாட்டு இழுப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்கு.

உதாரணத்துக்கு 5 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை எடுத்துக்கொள்வோம். மாந்தோப்பு வேலியை ஒட்டித் திரும்பும் வண்டிப்பாதை சுமார் அப்படி இருக்கும். மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் போனால் டயர் தாங்கவேண்டியது உங்கள் எடையில் ஏறக்குறைய பாதி. சைக்கிளும் நீங்களும் சேர்ந்து சுமார் 27 டிகிரி சாய்ந்திருப்பீர்கள். அதே வளைவில் 22 கி.மீ. என்றால் முக்கால் பங்கு எடையைத் தாங்க வேண்டும். நாலு கிலோமீட்டர்தான் கூடியது, சுமையோ ஒன்றரை மடங்கு. சுத்தமான தார் ரோடு அதைத் தாங்கும், உருளுகிற சரளை தாங்காது.

இதிலிருந்து ஒரு நல்ல செய்தியும் கிடைக்கிறது. கொஞ்சம் வேகம் குறைத்தாலே சுமை நிறையக் குறையும். ‘நிதானமாகத்தானே வந்தேன், எப்படி விழுந்தேன்’ என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இந்த நாலு கிலோமீட்டரில்தான் விழுந்திருப்பார்கள்.

கண் எங்கே பார்க்க வேண்டும்?

வளைவு முடிகிற இடத்தை. கிட்டத்தில் வருகிற கல்லை ஒருமுறை பார்த்துக் குறித்துக்கொண்டு உடனே கண்ணைத் தூக்கிவிடுங்கள். அதையே பார்த்துக்கொண்டிருந்தால் சைக்கிள் அந்தக் கல்லுக்கே போகும். கழுத்து திரும்பினால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் இடுப்பு திரும்பும், பின்னாலேயே சைக்கிள் வரும்.

ஒரு வழி சொல்கிறேன். உங்கள் தொப்புளில் ஒரு டார்ச் லைட் கட்டியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வெளிச்சம் வளைவின் முடிவில் விழ வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். பெரியவர்களுக்குக் கழுத்தைத் திருப்பவைக்கவே அரை மணி நேரம் ஆகிறது.

உடம்பைச் சாய்ப்பதா, சைக்கிளைச் சாய்ப்பதா?

வெளிப்பக்கம் மண் கரை உயர்ந்திராத தட்டையான வளைவில் சைக்கிளை அதிகமாகவும் உடம்பைக் குறைவாகவும் சாய்க்க வேண்டும். இந்தப் பக்கத்தின் பெரிய விஷயம் இது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எம்டிபி டயரில் நடுவில் ஒரு வரிசைக் குமிழ்களும் ஓரத்தில் இன்னொரு வரிசைக் குமிழ்களும் இருக்கும். ஓரக் குமிழ்கள் வளைவுக்கென்றே வைத்தவை. பல டயர்களில் இரண்டு வரிசைக்கும் நடுவே ஒரு வெற்றிடம் உண்டு. அரைகுறையாகச் சாய்த்தால் சைக்கிள் அந்த வெற்றிடத்தில் நின்று நழுவப் பார்க்கும். துணிந்து இன்னும் சாய்த்தால் ஓரக் குமிழ் தரையைக் கவ்வும். பயந்து பாதி சாய்ப்பதைவிட முழுக்கச் சாய்ப்பது பாதுகாப்பானது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். கேட்கும்போது நம்பமாட்டீர்கள், மைதானத்தில் செய்து பார்த்தால் நம்புவீர்கள்.

உடம்பும் சைக்கிளோடு சேர்ந்து உள்பக்கம் சாய்ந்துவிட்டால், டயர் ஓர் அங்குலம் நழுவினாலும் மீள இடமிருக்காது, கீழேதான். உடம்பு ஓரளவு நிமிர்ந்திருந்தால் சைக்கிள் நழுவி மறுபடி பிடிக்கும்வரை கால் மேல் நின்று சமாளிக்கலாம்.

இடது வளைவை வைத்துச் செய்முறையைச் சொல்கிறேன். சீட்டிலிருந்து எழுந்து பெடல் மேல் நில்லுங்கள். இடது கையால் ஹேண்டிலைக் கீழ்நோக்கி அழுத்துங்கள், அந்தக் கை நீளும். வலது முழங்கை மடங்கி வெளியே உயரும். இடுப்பு சீட்டுக்கு வலப்பக்கமாகக் கொஞ்சம் நகரும். சைக்கிள் உங்களுக்குக் கீழே இடப்பக்கம் படுக்கும், நீங்கள் மேலே நிற்பீர்கள். வலது வளைவுக்கு அப்படியே மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் நடக்கிற வேகத்தில் செய்து பாருங்கள்.

எந்தக் கால் கீழே இருக்க வேண்டும்?

வெளிக்கால். இடது வளைவில் வலது கால், வலது வளைவில் இடது கால். உள்பக்கப் பெடல் கீழே இருந்தால் சாய்க்கும்போது அது தரையில் இடித்து உங்களைத் தூக்கிப் போட்டுவிடும். வெளிக்காலைக் கீழே வைத்து முழு எடையையும் அதன் மேல் இறக்கினால் டயர் தரையில் அழுந்தும், கை லேசாகும்.

ஆனால் எல்லா இடத்திலும் இது பொருந்தாது. இடது, வலது என்று அடுத்தடுத்து வளைவுகள் வந்தால் காலை மாற்ற நேரம் கிடைக்காது. பாறை நீட்டிக்கொண்டிருக்கும் பாதையில் கீழே இருக்கிற பெடல் எந்தப் பக்கமானாலும் இடிக்கும். அங்கெல்லாம் இரண்டு பெடலையும் தரைக்கு இணையாக மட்டமாக வைத்துக்கொண்டு, எடையை மட்டும் வெளிக்கால் பக்கம் கொஞ்சம் மாற்றினால் போதும்.

முன் சக்கரம் திடீரென்று வழுக்கிவிடுகிறது. பின்னால் சாய்ந்து உட்கார்ந்தும் வழுக்குகிறதே?

பின்னால் சாய்வதால்தான் வழுக்குகிறது. இறக்கம் என்றாலே பின்னால் போக வேண்டும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். செங்குத்தான இறக்கத்துக்கு அது சரி. வளைவில் முன் சக்கரம்தான் வழி காட்டுகிறது, அதன் மேல் எடையே இல்லாவிட்டால் அது எதைப் பிடித்துக்கொண்டு திரும்பும்?

முழங்கைகளை மடக்கி, நெஞ்சை ஹேண்டில்பார் பக்கம் இறக்குங்கள். தாடை ஹேண்டிலின் நடுத்தண்டுக்கு மேலே வரட்டும். எடை கையில் இறங்கக் கூடாது, காலில்தான் நிற்க வேண்டும். பனை ஏறுகிறவர்களின் பாதம் மரத்தை எப்படி அழுத்துகிறதோ அப்படிப் பெடலை அழுத்துங்கள். இதைப் பழக எனக்கே இரண்டு மழைக்காலம் ஆயிற்று. அதற்கு முன் பாலக்கோடு பக்கத்தில் ஓர் ஏரிக்கரையிலிருந்து இறங்கும்போது பின்னால் சாய்ந்தபடி திரும்பி, முன் சக்கரம் போய், இடது தோளில் விழுந்தேன். மூன்று வாரம் கை தூக்க முடியவில்லை. விழுந்த இடத்தில் இருந்த சரளையின் நிறம்கூட இன்னும் நினைவிருக்கிறது.

ஹேண்டிலைத் திருப்பினால் போதாதா?

நடக்கிற வேகத்தில் போதும். வேகம் கூடினால் சாய்வுதான் திருப்பும். இன்னொரு வேடிக்கை: இடப்பக்கம் சாய்வதற்காக நீங்கள் அறியாமலேயே ஹேண்டிலை ஒரு கணம் வலப்பக்கம் அசைக்கிறீர்கள். அப்போது சக்கரம் வலப்பக்கம் நகர, உடம்பு இடப்பக்கம் சாய்கிறது. விமானம் கண்டுபிடித்த ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள். அவர்களில் வில்பர் ரைட் இதைக் கவனித்து, சைக்கிள் ஓட்டுகிற பலரிடமும் கேட்டுப் பார்த்திருக்கிறார். இடப்பக்கம் திரும்பத் தாங்கள் முதலில் வலப்பக்கம் அசைப்பதை யாருமே உணர்ந்திருக்கவில்லை.

இதைத் தெரிந்துகொண்டு என்ன செய்வது? உள்பக்கக் கையை லேசாக முன்னே தள்ளிப் பாருங்கள். சைக்கிள் அந்தப் பக்கமே விழுந்து திரும்பும். மேலே சொன்ன ‘உள்கையால் அழுத்துவது’ இந்த வேலையையும் சேர்த்தே செய்துவிடுகிறது.

ஒத்தையடிப் பாதையில் கொண்டை ஊசி மாதிரி மடங்கித் திரும்பும் இடம். இறங்கித் தள்ளத்தான் வேண்டுமா?

ஆரம்பத்தில் தள்ளுங்கள், வெட்கமே வேண்டாம். தள்ளிக்கொண்டு போகும்போது பாதையை நன்றாகப் பார்க்கலாம்.

ஓட்ட விரும்பினால் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பின் சக்கரம் முன் சக்கரம் போன தடத்தில் வராது, எப்போதும் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். பஸ் முனையில் திரும்பும்போது பின் சக்கரம் கல்லில் ஏறுவதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதை. ஆகவே முன் சக்கரத்தைப் பாதையின் வெளி ஓரம்வரை கொண்டுபோங்கள். ‘இனி போனால் பள்ளம்’ என்று தோன்றும் இடம்வரை போய், அப்புறம் திரும்புங்கள். சீக்கிரம் திரும்பினால் பின் சக்கரம் உள்பக்கப் பாறையில் மாட்டிக்கொள்ளும்.

இங்கே மட்டும் வளைவுக்குள்ளும் பின் பிரேக்கை லேசாக உரசிக்கொண்டே வரலாம். வேகம் நடக்கிற அளவுதான், பானையில் இன்னும் தண்ணீர் மிச்சமிருக்கும். முன் பிரேக்கைத் திருப்பத்தின் உச்சியில் தொடாதீர்கள்.

வத்தல்மலை ரோட்டில் இறங்கும்போது என்னென்ன கவனிக்க வேண்டும்?

அது பொதுச் சாலை, பஸ்ஸும் பைக்கும் வரும். கரட்டுப் பாதையில் கற்ற எல்லாவற்றையும் அங்கே செய்ய முடியாது. குறிப்பாக, வெளியிலிருந்து உள்ளே வெட்டி மறுபடி வெளியே போகிற பந்தயக் கோடு அங்கே கூடவே கூடாது.

வலப்பக்க வளைவில் உள்பக்கம் வெட்டினால் எதிரே ஏறி வருகிறவரின் பாதைக்குள் போகிறீர்கள். வளைவின் மறுமுனை கண்ணுக்குத் தெரியும்வரை இடது பக்கத்திலேயே இருங்கள். இடப்பக்க வளைவில் உள் ஓரத்தோடு ஒட்டிப் போனால் அடைத்த பாறைதான் தெரியும், எதிரே என்ன வருகிறது என்று தெரியாது. உங்கள் பாதிக்குள்ளேயே கொஞ்சம் நடுவாக இருந்து பாருங்கள். கொண்டை ஊசியில் ஏறிவரும் பஸ் முழு ரோட்டையும் எடுத்துத்தான் திரும்பும். மலைச் சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை, இறங்குகிற நாம் நின்று வழிவிட வேண்டும்.

அடுத்தது பிரேக் சூடு. மேலிருந்து கீழ்வரை விடாமல் உரசிக்கொண்டே வந்தால் பேடும் டிஸ்க்கும் கொதித்துப் பிடிப்பு குறையும். ரிம் பிரேக் என்றால் ரிம் சுடும், டியூபுக்கும் ஆபத்து. வளைவுக்கு முன் நன்றாகப் பிடித்து, வளைவில் விட்டு, நேர்த்துண்டில் காற்று படவிட்டு வாருங்கள். நடுவில் இரண்டு இடத்தில் நின்று, ஊரைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். டிஸ்க்கை விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள்.

இந்தச் சூட்டுக்கும் மலைச் சைக்கிளின் பிறப்புக்கும் ஒரு தொடர்பு உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மரின் பகுதியில் 1970களில் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களில் மண்பாதை இறக்கங்களில் பந்தயம் விட்டார்கள். அந்தச் சைக்கிள்களில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சக்கரம் நிற்கிற பிரேக்தான் இருந்தது. ஒருமுறை இறங்கினாலே சக்கர மையத்திலுள்ள கிரீஸ் புகைந்து எரிந்துபோகும், மறுபடி கிரீஸ் அடைத்தாக வேண்டும். அந்த ‘மறுபடி அடைப்பது’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லே ‘ரீபேக்’ என்று அந்தப் பாதைக்குப் பெயராகிவிட்டது. அங்கே முதல் பந்தயம் 1976 அக்டோபரில் நடந்தது. இருபது வருஷத்தில், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில், மலைச் சைக்கிள் பந்தயம் சேர்ந்துவிட்டது. பிரேக் சூடாகும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாதைதான் நினைவுக்கு வரும்.

தொப்பூர் கணவாயில் ஓட்டிப் பழகலாமா?

வேண்டவே வேண்டாம். அது தேசிய நெடுஞ்சாலை 44. பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் மோதி எத்தனை உயிர் போயிருக்கிறது என்று இந்த மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்.

ரோட்டில் கேழ்வரகு, கொள்ளு காயப்போட்டிருந்தால் என்ன செய்வது?

அறுவடைக் காலத்தில் களம் இல்லாத ஊர்களில் ரோடுதான் களம். வண்டி ஏறி மணி உதிரட்டும் என்றே கதிரையும் கொடியையும் பரப்பியிருப்பார்கள். அது அவர்களின் ஒரு வருஷ உழைப்பு, கோபப்பட்டுப் பயனில்லை. நாம் பழகிக்கொள்ள வேண்டும்.

உதிர்ந்த கொள்ளு பாதைச் சரளையைவிட மோசமாக உருளும். அடியில் கிடக்கும் கொடி சக்கரத்திலும் கியரிலும் சுற்றிக்கொள்ளும். நேர்ப்பாதையில் என்றால் ஹேண்டிலை அசைக்காமல், பிரேக்கைத் தொடாமல் மிதந்து கடந்துவிடுங்கள். வளைவில் பரப்பியிருந்தால் முன்னாலேயே நின்று, இறங்கித் தள்ளிக் கடங்கள். அங்கே எந்தத் திறமையும் செல்லாது.

டிப்பர் லாரிகள் வளைவில் சிந்திவிட்டுப் போகும் எம்-சாண்டுக்கும் இதுவே. கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் குவாரிக்குப் போகும் ரோடுகளில் வளைவின் வெளி ஓரத்தில்தான் அது சேரும். புளியமரச் சாலைகளில் மாசி, பங்குனியில் உதிர்ந்து நசுங்கிய பழத்தையும் கவனியுங்கள்.

டயரில் காற்று எவ்வளவு வைப்பது?

பஞ்சர் கடையில் அடித்தால் கல் மாதிரி அடித்து அனுப்புவார்கள். பாரம் ஏற்றும் சைக்கிள்களுக்கு அவர்கள் கை பழகியது அப்படி. சரளையில் அந்தக் காற்றோடு போனால் டயர் கல்லின் மேல் துள்ளும், கவ்வாது.

65, 70 கிலோ எடையுள்ளவருக்கு, டியூப் போட்ட 2.1 அங்குல டயரில், முன்னால் 28 முதல் 32 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு), பின்னால் 32 முதல் 36 என்று ஆரம்பியுங்கள். 2.3 அங்குலத்துக்கு மேற்பட்ட டியூப்லெஸ் டயர் என்றால் முன்னால் 22 முதல் 25, பின்னால் 25 முதல் 28. எடை கூடினால் கூட்டிக்கொள்ளுங்கள். டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அளவு எல்லைதான், அவ்வளவு அடித்தே ஆக வேண்டும் என்று அர்த்தமில்லை. குறைந்தபட்ச அளவு எழுதியிருந்தால் அதற்குக் கீழே போகாதீர்கள். கல்லில் ஏறும்போது ரிம் ‘டக்’ என்று இடித்தால் இரண்டு பிஎஸ்ஐ கூட்டுங்கள். வளைவில் டயர் மடிந்து அலைவது போலத் தோன்றினாலும் கூட்டுங்கள்.

காற்றின் அளவைக் காட்டும் மீட்டர் வைத்த கைப்பம்பு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது கணக்கில் சேராது. சீமைக் கருவேல முள்ளுக்கு டியூப்லெஸ்ஸும், ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் சீலன்ட் திரவமும் நல்ல மருந்து. வெயிலில் சீலன்ட் சீக்கிரம் உலர்ந்துவிடும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

என்னுடையது விலை குறைந்த கியர் சைக்கிள். இதில் பழகலாமா?

தாராளமாக. வளைவு எடுக்க விலையுயர்ந்த ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் கவை) தேவையில்லை. பிரேக் இரண்டும் சரியாகப் பிடிக்க வேண்டும், ஹேண்டில் ஆடக் கூடாது, முன் டயரில் ஓரக் குமிழ் தேயாமல் இருக்க வேண்டும். ஒரே ஒரு டயர்தான் வாங்கப் பணம் இருக்கிறது என்றால் முன்னால் புதியதைப் போட்டு, பழையதைப் பின்னால் போடுங்கள். பின் சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம், முன் சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் முடியாது.

இறங்கும் முன் சீட்டை நான்கைந்து சென்டிமீட்டர் கீழே இறக்கிக்கொள்ளுங்கள். உயர்ந்த சீட் தொடையில் இடித்தால் சைக்கிளைச் சாய்க்க முடியாது. பட்டன் அழுத்தினால் இறங்கும் சீட் தண்டு கிடைக்கிறதுதான், ஆனால் கையால் லீவரைத் திறந்து இறக்கினாலும் அதே வேலைதான். செருப்புப் போட்டு ஓட்டாதீர்கள்.

எங்கே, எப்படிப் பழகுவது?

பள்ளி மைதானம், அறுவடை முடிந்த காடு, தண்ணீர் வற்றிய ஏரியின் ஓரம். இரண்டு கொட்டாங்குச்சிகளைப் பத்தடி தூரத்தில் கவிழ்த்து வையுங்கள். அவற்றைச் சுற்றி எட்டுப் போடுங்கள். கொட்டாங்குச்சி ஏன் என்றால், மேலே ஏறினால் நொறுங்குமே தவிர உங்களைத் தூக்கிப் போடாது.

முதல் பத்து நிமிஷம் சீட்டில் உட்கார்ந்து, கண்ணை மட்டும் பழக்குங்கள். ஒரு கொட்டாங்குச்சியைச் சுற்றும்போதே அடுத்ததைப் பார்க்க வேண்டும். அப்புறம் எழுந்து நின்று, வெளிக்காலை மாற்றி மாற்றி வையுங்கள். அதற்கப்புறம் சைக்கிளைச் சாய்ப்பது. மூன்றையும் ஒரே நாளில் சேர்க்காதீர்கள். வாரம் இரண்டு நாள், ஒவ்வொரு தடவையும் இருபது நிமிஷம் போதும். அலுப்பாக இருந்தால் கொட்டாங்குச்சியைக் கிட்டக் கிட்ட நகர்த்துங்கள்.

இடப்பக்கம் நன்றாக வருகிறது, வலப்பக்கம் வரவே மாட்டேன் என்கிறது. எனக்கு மட்டும்தானா?

எல்லோருக்கும் ஒரு பக்கம் மக்கர்தான். வராத பக்கம் இரண்டு பங்கு, வருகிற பக்கம் ஒரு பங்கு என்று பழகுங்கள். வலது வளைவில் இடது கால் கீழே நின்று எடையைத் தாங்க வேண்டும். பலருக்கு அந்தக் கால் அதற்குப் பழகியிராது. பஸ் ஸ்டாப்பில் காத்திருக்கும்போது இடது காலில் மட்டும் நின்று பாருங்கள், காரணம் புரியும்.

கரை கட்டிய வளைவு என்கிறார்களே, அது எப்படி?

வெளிப்பக்கம் மண் உயர்ந்து தொட்டி மாதிரி இருக்கும் வளைவு. பந்தயப் பாதைகளில் செய்துவைப்பார்கள். நம் பக்கம் ஓடைக்குள் இறங்கி ஏறும் வண்டிப்பாதையில் இயற்கையாகவே சில இருக்கின்றன. கரை உங்களைத் தாங்குவதால் அங்கே உடம்பும் சைக்கிளும் ஒன்றாகச் சாயலாம். கரையின் நடு உயரத்துக்கு மேலே நுழைந்து, காலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். கிடைத்தால் விடாதீர்கள், அவ்வளவு சந்தோஷமான இடம்.

பின் சக்கரத்தைச் சறுக்கித் திருப்புவது தவறா? பார்க்க நன்றாக இருக்கிறதே.

சறுக்கும் டயருக்குப் பிடிப்பு இல்லை, அதனால் உங்கள் கட்டுப்பாடும் குறைகிறது. எனக்கு வருத்தம் வேறொன்றில். சறுக்கிய தடம் பாதையில் ஒரு கோடு போட்டுவிடும். அடுத்த மழையில் தண்ணீர் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி, ஒரே பருவத்தில் அதை ஓடையாக்கிவிடும். நாம் ஓட்டும் பாதைகள் ஆடு மேய்ப்பவர்களும், தோட்டத்துக்குப் போகிறவர்களும், பால் கேன் கொண்டு போகிறவர்களும் தினமும் நடக்கிறவை. அவர்கள் நடந்து உண்டான பாதையில்தான் நாம் ஓட்டுகிறோம்.

மழைக்காலத்தில் ஓட்டலாமா?

லேசான மழை பெய்து ஒரு நாள் கழித்துத்தான் செம்மண்ணில் ஓட்டவே நல்ல நேரம். சரளை அமுங்கி, மண் இறுகி, டயர் கவ்வும். கொட்டுகிற மழையில் செம்மண் டயரில் அப்பி, குமிழ்களை அடைத்து, வழுக்குப்பாறை ஆக்கிவிடும். அன்று ஓட்டினால் பாதையும் கெடும், விட்டுவிடுங்கள். ஈரப் பாறையிலும் மர வேரிலும் திரும்பவோ பிரேக் பிடிக்கவோ கூடாது. அதைக் கடக்கும்வரை நேராகப் போய், கடந்தபின் திரும்புங்கள்.

அஞ்செட்டி, ஒகேனக்கல் பக்கக் காட்டுப் பாதைகளில் போகலாமா?

அந்தக் காடுகளில் பெரும்பகுதி வனத்துறைக் கட்டுப்பாட்டில் உள்ளவை. காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் 2014-இலும், காவிரி தெற்கு 2022-இலும் அறிவிக்கப்பட்டன. பொதுச் சாலையை விட்டு உள்ளே இறங்க அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் போவது குற்றம்.

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கலுக்கு இறங்கும் தார்ச்சாலையிலும், தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி போகும் சாலையிலும் வளைவுகள் அழகாக இருக்கும். ஆனால் யானை நடமாடும் இடம். விடியலுக்கு முன்பும் அந்தி சாய்ந்த பின்பும் போகாதீர்கள். சைக்கிளுக்குச் சத்தம் கிடையாது. வளைவு திரும்பியதும் யானை நின்றால் அதற்கும் அதிர்ச்சி, நமக்கும். சாணம் ஈரமாகக் கிடந்தாலோ, மூங்கில் முறியும் சத்தம் கேட்டாலோ திரும்பி வந்துவிடுங்கள். அங்கே வளைவின் வேகத்தைச் சரளை முடிவு செய்யாது, எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது என்பதுதான் முடிவு செய்யும்.

என் மகனுக்கு 13 வயது. அனுப்பலாமா?

அனுப்புங்கள். ஹெல்மெட், கையுறை, முழங்கால் உறை மூன்றும் இல்லாமல் அனுப்பாதீர்கள். ஹெல்மெட் தலையை ஆட்டினால் ஆடக் கூடாது, தாடை வாரில் இரண்டு விரல்தான் நுழைய வேண்டும். சைக்கிள் ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்று பெரிதாக வாங்கிக்கொடுத்திருந்தால், தயவுசெய்து மாற்றிக்கொடுங்கள். சட்டையைப் பெரிதாக எடுப்பது போல சைக்கிளை எடுக்கக் கூடாது. பெரிய சைக்கிளில் பையனுக்கு முன் சக்கரத்தின் மேல் எடை போட எட்டாது, பிரேக் லீவரும் விரலுக்கு எட்டாது. லீவரைக் கிட்டக் கொண்டுவர அதிலேயே ஒரு சின்னத் திருகாணி இருக்கும், கடையில் கேட்டால் திருகித் தருவார்கள்.

வெள்ளி இரவு நன்றாகத் தூங்கவிடுங்கள் என்றும் ஓர் அம்மாவிடம் சொன்னேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஓட்டுகிற பிள்ளைகள் களைத்துப்போய் விழுவது ஞாயிறு கடைசி இறக்கத்தில்தான்.

எனக்கு வந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

யாரையாவது வளைவுக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, உங்கள் பிரேக் சத்தம் எங்கே நிற்கிறது என்று ஒரு கல் வைக்கச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் அந்தக் கல் வளைவின் நடுவில் விழும். வாரங்கள் போகப் போக அது வளைவின் வாசலுக்கு நகர்ந்து, பிறகு வாசலைத் தாண்டி முன்னால் வரும். எங்கள் பாதையில் வேலியோர மாமரம் ஒன்றுதான் அடையாளம். அந்த மரத்துக்கு முன்னாலேயே பிரேக் சத்தம் அடங்கி, அப்புறம் சரளையில் டயர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டால், அடுத்த ஞாயிறு உங்களைக் கரட்டின் மேல்பாதைக்குக் கூட்டிக்கொண்டு போவேன்.